இன்னும் ஒரு காது

பையை என் மடியில் கொடுங்கள் ஐயா, நான் வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் வளைவில் சரிந்துவிடும். பத்திரிகைங்களா? ஓரத்தில் மஞ்சள் தெரிகிறதே. கல்யாணமா?

ஓ, பேரனுக்குக் காதுகுத்துங்களா. நல்லதுங்க. ஆவணி பிறந்ததும் வைத்திருப்பீர்கள்.

நான் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறவன். கேட்கவில்லை என்றால் தொடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், மறுபடி சொல்கிறேன். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் சீட் பொருத்துகிற வேலை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், நான் மட்டும் இப்படி. இந்த சீட்கூட எங்கள் பட்டறையில் போட்டதாக இருக்கலாம். ஆடவில்லை பாருங்கள்.

தாய்மாமன் யாருங்க, உங்கள் மருமகளுக்குக் கூடப் பிறந்தவரா? அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். மடியில் உட்கார வைக்கிறபோது பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கக் கூடாது. தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைக்க வேண்டும். இரண்டு கையையும் தன் வலது கைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். கால்களைத் தன் முழங்காலுக்கு நடுவில். காது மட்டும் வெளியே தெரிய வேண்டும். நான் பிடித்ததைப் பார்த்துவிட்டு ஆசாரியே சொன்னார், "நாப்பது வருசமா குத்தறேன், இப்புடி ஆடாமப் புடிச்ச மாமனைப் பார்த்ததில்ல" என்று.

ஆமாங்க. நானும் ஒரு தாய்மாமன்தான். போன மாசியில் என் அக்கா மகனுக்குக் குத்தினோம். இப்போது மூலனூருக்கு, அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். கதவைத் திறப்பாளா என்று தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாகத் திறக்கவில்லை. திறந்தால் மித்திரனைப் பார்ப்பேன். திறக்காவிட்டால் இதே பஸ் சாயங்காலம் திரும்பி வரும், ஏறிக்கொள்வேன்.

நீங்களே கேளுங்கள், கேட்டுவிட்டு யார் பக்கம் நியாயம் என்று சொல்லுங்கள். வயசில் பெரியவர். உங்களுக்கு எங்களைத் தெரியாது, அதனால் நடுவில் நின்று சொல்லலாம்.

என் அக்கா பேர் பூங்கொடி. மச்சான் ஈஸ்வரமூர்த்தி மூலனூரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். ஒரே பையன், மித்திரன். இப்போது ஏழு வயசு. மூன்று வயசாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டாக்டர்கள் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள். நோய் இல்லை, மருந்தும் இல்லை, அவன் இருக்கிற விதமே அது என்றார்கள்.

அக்கா அன்றைக்கு ஒரு ராத்திரி அழுதாள். மறுநாள் காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "இவன் இப்படித்தான் நந்து. இப்படியே இவன் நமக்கு வேணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அழுகையே இல்லைங்க. நம்ப மாட்டீர்கள், எத்தனை சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா? குக்கர் விசில் அவனுக்கு ஆகாது. குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள், இன்றுவரை வடிசோறுதான். மிக்ஸி பக்கத்து வீட்டில் போய் ஓடும். சட்டைக் கழுத்தில் கம்பெனிப் பேர் போட்ட துணித்துண்டு இருக்குமே, அதையெல்லாம் பிளேடால் எடுத்துவிடுவாள். மச்சான் கடை வாசலில் எவனாவது ஹாரன் அடித்தால் தீவனம் கிடையாது. "அந்தாண்ட போய் நிறுத்திட்டு நடந்து வா, மாடு செத்தா போயிரும்" என்பார். ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கரூரில் ஷகிலா டீச்சர் என்று ஒருத்தர். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். வாரத்துக்கு இரண்டு நாள் அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். பஸ் நிலையத்திலிருந்து நான் அழைத்துப் போவேன், நானும் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொள்வேன். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான்.

அந்த டீச்சர் அவனுக்கு அம்மா, அப்பா என்று ஆரம்பிக்கவில்லை. எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் சொல்லிக் கொடுத்த வார்த்தை என்ன தெரியுங்களா? "போதும்." ஏன் டீச்சர் என்று கேட்டேன். "பிடிக்காத ஒண்ணு நடக்கும்போது நிறுத்தச் சொல்லத் தெரியணும் தம்பி. அது தெரியாமத்தான் கடிக்கறான், தலையை முட்டிக்கறான். இந்த ஒரு வார்த்தைக்கு உலகம் நிக்கும்னு அவன் நம்பணும். அதனால வீட்ல ஒரு சட்டம். அவன் போதும்னா யாரா இருந்தாலும், எதுவா இருந்தாலும், அந்த நொடியே நிறுத்திரணும். ஒரு வாய்ச் சோறுகூட மிச்சம் ஊட்டக் கூடாது" என்றார்.

எட்டு மாசம் ஆச்சுங்க. எட்டு மாசம் அந்த ஒரு வார்த்தைக்கு.

யாரிடம் முதலில் சொன்னான்? என்னிடம்தான். அவனுக்கு இறுக்கிச் சுருட்டினால் பிடிக்கும். ஜமுக்காளத்தை விரித்து, ஓரத்தில் அவனைப் படுக்க வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே போவேன். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிளுகிளுவென்று சிரிப்பான். ஒரு நாள் அப்படிச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது சிரிப்பை நிறுத்தினான். கூரையைப் பார்த்துக்கொண்டு, "போதும்" என்றான். மூக்கால் சொன்ன மாதிரி, சின்னக் குரல். நான் அப்படியே ஜமுக்காளத்தை உதறிவிட்டேன். அவன் எழுந்து நின்று என்னைப் பார்த்தான். முகத்தை, அதுவும் கண்ணை. அதுவரைக்கும் அவன் யார் கண்ணையும் பார்த்ததில்லை. ஒரு பெரிய ஆள் முன்னால் நிற்கிற மாதிரி நான் அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான், சுருட்டு என்று. அன்றைக்கு அறுபது தடவையாவது சுருட்டியிருப்பேன். அறுபது தடவையும் "போதும்", அறுபது தடவையும் விட்டேன்.

அதற்குப் பிறகு "தண்ணி" வந்தது. "ஃபேன்" வந்தது. "மாமா" வரவில்லை. அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன். கடிக்கிறதெல்லாம் நின்றுபோனது.

இனிமேல்தான் விஷயம்.

மச்சானுக்கு ஒரு பெரியம்மா, நாச்சம்மாள் என்று. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் என் எதிரிலேயே சொன்னார்: "பங்காளி ஊட்டுல எல்லாப் பசங்களுக்கும் கோயில்ல காது குத்தியாச்சு. ஈஸ்வரன் மட்டும் பையனைப் பொட்டியில வெச்சுப் பூட்டியிருக்கறான். வாயில்லாப் புள்ளைக்கு மாமன் சீரு எதுக்குன்னு உட்டுட்டானுகளாட்ட இருக்குது."

இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேனுங்க. வாயில்லாப் பிள்ளையாம். எங்கள் பையன் மூன்று வார்த்தை பேசுகிறான். எதற்கு ஒளிக்க வேண்டும்? இவன் இப்படித்தான், இப்படியே வேண்டும் என்று அக்காதானே சொன்னாள்? அப்படியென்றால் மற்ற பிள்ளைகளுக்கு உள்ளதெல்லாம் இவனுக்கும் உண்டுதானே? நான் சொன்னது தப்புங்களா?

அக்கா சம்மதிக்கவே இல்லை. "அவன் காதைத் தொட்டாலே ஆகாதுடா. சீப்பு பட்டாலே துடிக்கறான். ஊர் வாய்க்காக எதுக்கு?" என்றாள். நான் விடவில்லை. கத்தவில்லை, எனக்குக் கத்த வராது. மெதுவாக, தினம் போனில், ஒரு மாசம் சொன்னேன். "அக்கா, நாமளே அவனை ஒதுக்கி வைக்கறோம் பாரு. என் மடியிலதான உக்காரப் போறான்? என்கிட்ட அவன் பயப்படுவானா?" என்றேன்.

ஒத்துக்கொண்டாள். மேளம் கூடாது. மொட்டை கூடாது, முன்முடியில் ஒரு கத்தை மட்டும். பத்துப் பேருக்கு மேல் கூடாது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் போதும்னு சொன்னா விட்டுரணும். ஊசி பாதியில இருந்தாலும் விட்டுரணும். சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். நான் எல்லாவற்றையும் காப்பாற்றினேன் ஐயா. மேளம் வைக்கவில்லை. மொட்டை போடவில்லை. ஆள் மட்டும் அறுபது வந்துவிட்டது. சொந்தத்தை வராதே என்று சொல்ல முடியுமா? பத்திரிகை அடிக்காமல் போனில் சொன்னதுக்கே அறுபது.

தட்டு இருபத்தொன்று எடுத்தேன். பட்டு வேட்டி, சட்டை மட்டும் அவனுக்குக் குத்தாத பருத்தியில். கடுக்கன் வெள்ளைக்கல் வைத்தது, நானே போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். காலையில் கோயிலில் அவன் நன்றாகத்தான் இருந்தான். வேப்பமரத்து நிழல் தரையில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். அவனாகவே நடந்து வந்து என் மடியில் உட்கார்ந்தான். நாச்சம்மாள் பெரியம்மா பார்க்க உட்கார்ந்தான். யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

இருங்கள். என் போனில் வீடியோ இருக்கிறது. பட்டறைப் பையன் எடுத்தது. சத்தத்தைக் குறைத்தே வைக்கிறேன். இதோ, இதுதான் மித்திரன். அழகன்தானே? மூக்கு என் மூக்கு. இப்போது ஆசாரி சந்தனப் பொட்டு வைக்கிறார் பாருங்கள். இப்போது வலது காது... கேட்டதுங்களா? கேட்டதா? "போதும்." எவ்வளவு திருத்தமாகச் சொன்னான் பாருங்கள்! ஜமுக்காளத்தில் சொன்னதைவிட சத்தமாக. அந்தச் சிரிப்பு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? நாச்சம்மாள் பெரியம்மாதான். "அட சாமி, பேசறானப்பா! இன்னொருக்காச் சொல்லு கண்ணு!" என்கிறார். பாருங்கள், சொல்கிறான். மறுபடியும். எல்லோரும் கை தட்டுகிறார்கள். "சொல்லு, சொல்லு, போதும் சொல்லு" என்று சின்னப் பிள்ளைகள் எல்லாம் கூடவே சொல்கிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதோ துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொள்கிறேனே, அது அதுதான். கை இரண்டும் அவனைப் பிடித்திருக்கிறதே.

பின்னால் ஒரு குரல் கேட்கிறதே, "உட்ரு நந்து, உட்ரு" என்று, அது அக்கா. பெற்றவளுக்குப் பொறுக்காது.

ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்? இன்னும் ஒரு காது இருக்கிறதுங்க.

சரி, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன். மொத்தம் பதினான்கு தடவை சொன்னான். நான் எண்ணியிருக்கிறேன். இதை நான் தினமும் பார்க்கிறேன், படுக்கப் போகுமுன். அவன் குரல் இப்போது இதில் மட்டும்தான் இருக்கிறது.

சத்தியம் பண்ணினாயே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். வலது காதில் ஊசி ஏறிவிட்டது. பாதியில் எழுப்பினால் ஒற்றைக் காதோடு ஒரு பிள்ளை கோயிலிலிருந்து போவானா? மாமன் மடியிலிருந்து ஒற்றைக் காதோடு எழுந்தால் ஆகாது என்று நம் பக்கத்தில் சொல்வார்களே. அவனுக்கு ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்றுதான் நான் பிடித்தேன். எண்ணி ஒரு நிமிஷம் ஐயா. அந்த ஒரு நிமிஷத்துக்கப்புறம் அவனே அடங்கிவிட்டான். இடது காதில் குத்தும்போது அவன் துடிக்கக்கூட இல்லை. பதினான்காவது தடவை சொல்லிவிட்டு, வாயை மூடி, நிழலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் ஆசாரி என்னைப் பாராட்டினார்.

அதோடு பேச்சு நின்றது.

முதலில் காதுவலியால் என்று நினைத்தோம். இடது காது சீழ் வைத்தது, இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. பேச்சு வரவில்லை. "தண்ணி" போனது, "ஃபேன்" போனது. கடிக்கவுமில்லை, முட்டவுமில்லை. முடி வெட்டுகிறவரிடம் கூட்டிப் போனால் சும்மா உட்கார்ந்திருக்கிறான். தடுப்பூசி போட்டார்கள், கையைக்கூட இழுக்கவில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் காதை மூடுவதில்லை. கொதிக்கிற பாலை ஆறவைக்காமல் கொடுத்துவிட்டாள் அக்கா, ஏதோ நினைப்பில். அவன் குடித்துவிட்டான். நாக்கு வெந்துபோனது, ஒரு சத்தமில்லை. ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "மாமன் மடி ராசி, பையன் எத்தனை அமைதியாயிட்டான் பாரு." நாச்சம்மாள் பெரியம்மா வீட்டுக்கே வந்து அவனுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். ஒதுக்கி வைத்தவர்கள் எல்லாம் இப்போது விசேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள். நான் கேட்டது அதைத்தானே? அக்கா மட்டும், அவன் அந்தப் பால் குடித்த டம்ளரைக் கழுவும் இடத்தில் வைத்துக்கொண்டு நின்று அழுதாள். நான்கு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் அழுகை.

ஷகிலா டீச்சரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார், உங்களைப்போலவே. "அந்த வார்த்தையால ஒண்ணும் நடக்காதுன்னு கத்துக்கிட்டான் தம்பி" என்றார்.

"கத்துக்க எட்டு மாசம் ஆச்சே டீச்சர். இதை ஒரே நிமிஷத்துலயா கத்துக்குவான்?" என்று கேட்டேன்.

அவர் மேஜையில் இருந்த படங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

திரும்பச் சொல்லிக் கொடுக்கலாமா என்றேன். "முயற்சி பண்ணலாம். வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். சரி, அவர் சொல்லாவிட்டால் போகிறது, அந்த வார்த்தையை என்னிடம்தானே முதலில் சொன்னான், மறுபடியும் என்னிடமே சொல்வான் என்று நான் ஒரு முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். ஜமுக்காளத்தை விரித்தேன். அவன் வந்து படுத்துக்கொள்வான், சொன்னபடி. சுருட்டுவேன். சிரிப்பில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். சொல்லட்டும், சொன்ன அந்த நொடியே விட்டுவிடலாம் என்று நான் காத்திருப்பேன். இப்போது விட மாட்டேனா? நூறு தடவை சொன்னால் நூறு தடவை விடுவேன். அவன் சொல்லாமல் நான் எப்படி விடுவது? அப்புறம் அவன் எதைக் கற்றுக்கொள்வான்? அதனால் கொஞ்சம் இறுக்குவேன். இன்னும் கொஞ்சம். "சொல்லு சாமி, ஒருக்காச் சொல்லு, மாமன் உட்டர்றேன்" என்று காதில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் சிவந்துபோனது. அக்கா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டாள். ஜமுக்காளத்தோடு அவனைப் பிடுங்கிக்கொண்டு, "வெளியே போ" என்றாள். என் அக்கா என்னை அப்படிச் சொன்னதே இல்லை. "அவன் சொல்லிருவான் அக்கா, இப்ப வாய் அசைஞ்சுது" என்றேன். உண்மையில் அசைந்தது. மூச்சுக்காக என்றாள் அவள்.

அதிலிருந்து கதவு திறப்பதில்லை. மச்சான் கடையில் போய் நின்றால், "வா நந்து, டீ சாப்பிடு" என்பார், தவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டு. ஒரு தடவை மட்டும், "குடும்பமா நல்லா இருந்தோம்டா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் அவன் என்னை வெறுக்கவில்லை ஐயா. அது எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். உள்ளே அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடக்கூட இல்லை, கம்பியில் கை வைத்தேன், அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் இறங்கி, அவனாகவே நேராக ஜன்னலுக்கு வந்தான். மற்ற யாரைப் பார்த்தும் அப்படி வருவதில்லை என்று மச்சானே சொல்லியிருக்கிறார். வந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கம்பியோடு ஒட்டி, வலது காதைக் காட்டினான். வெள்ளைக்கல் வெயிலில் மின்னியது. நான் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அப்புறம், யாரும் சொல்லாமல், மெதுவாக மறுபக்கம் திரும்பி இடது காதையும் காட்டினான்.

அக்கா பின்னாலிருந்து ஓடி வந்து அவனை அணைத்துத் தூக்கி ஜன்னலைச் சாத்திவிட்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பையன் மாமனிடம் வந்து கடுக்கனைக் காட்டியதற்கு ஒருத்தி இப்படியா அழுவாள்?

நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள், கடுக்கனைக் காட்டத்தான் வந்தான் என்று? வேறெதற்கு வரப் போகிறான்? ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை ஐயா. ஒரு வாரமாகப் பட்டறையில் ஸ்குரூ முடுக்கும்போதெல்லாம் அதுவே ஓடுகிறது. காட்டுகிற பிள்ளை கண்ணை எதற்கு அவ்வளவு இறுக மூடிக்கொண்டு நின்றான்?